திரையை நிறுத்தியவளுக்கு

போன சனிக்கிழமை சிவாஜிநகரில் கறுப்புத் துணி வாங்கப் போயிருந்தேன். கடைக்காரர் துணிச்சுருளை மேசைமேல் உருட்டி விரித்ததும் புதுத் துணியின் கஞ்சி வாடையும் சாய வாடையும் ஒன்றாக மூக்கில் ஏறின. "எத்தன மீட்டர் வேணும் மேடம்? பர்தாவுக்கா, ஸ்க்ரீனுக்கா?" என்று அவர் கேட்கிறார், நான் கல் மாதிரி நிற்கிறேன். பாவம், எனக்கு மயக்கம் வருகிறதோ என்று பயந்து ஸ்டூலை இழுத்துப் போட்டார். நீ போன பிறகு நாலு பேர் பார்க்க நான் அழுதது அதுதான் முதல் தடவை. உன்னைத் திட்டிக்கொண்டேதான் அழுதேன்.

அதே கடைத்தெருவில்தான் ஒன்பதாம் வகுப்பில் நாம் இருவரும் முதன்முதலாகக் கறுப்புத் துணி எடுத்தோம். மேடைக்குப் பின்னால் வேலை செய்கிறவர்கள் கறுப்புதான் உடுத்த வேண்டும், இருட்டில் சாமான்களை நகர்த்தும்போது யார் கண்ணிலும் படக் கூடாது என்று நாடக சார் சொல்லியிருந்தார். உன் அம்மாவுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. "பொண்ணு மொத மொத நாடகத்துக்குப் போவுது, கறுப்பப் போட்டா அனுப்புவாங்க?" என்று புலம்பிவிட்டு, அதை ஈடுகட்ட உன் நெற்றியில் பெரிய கல் பொட்டு ஒன்றை ஒட்டி அனுப்பினார். ஒத்திகையில் விளக்கு பட்டதும் அந்தப் பொட்டு மட்டும் தனியாக மேடையில் நடந்து போனது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நீ என் முதுகில் ஒன்று வைத்தாய்.

நாம் நடிக்கத்தான் பெயர் கொடுத்தோம். சந்தாபுராவிலிருந்து பஸ் பிடித்து வரும் இரண்டு தமிழ்ப் பெண்கள், கன்னட நாடகத்தில்! நாம் கன்னடம் பேசினால் ஓசூர் வாடை அடிக்கிறது என்று சிரித்துக்கொண்டே சார் நம்மைத் திரைக்குப் பின்னால் தள்ளிவிட்டார். நீ ஸ்டேஜ் மேனேஜர், நான் உனக்கு உதவி. எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கே விலகியிருப்பேன். நீதான் பிடித்து நிறுத்தினாய். "இரு டீ, சும்னே கோச்சுக்காத. நாம சொன்னாத்தான் திரையே ஏறும். அப்புறம்தான் அவங்க மூஞ்சி வெளிய தெரியும்" என்றாய்.

யாரும் நம்மை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. சொதப்பிச் சொதப்பித்தான் கற்றுக்கொண்டோம். நாற்காலி கொஞ்சம் தள்ளிப் போய் ராஜா தரையில் உட்கார்ந்த மறுநாள், நீ மேடையெங்கும் வெள்ளை டேப் துண்டுகளை ஒட்டி நாற்காலிக் கால்களுக்கு இடம் குறித்தாய். காட்சி நடுவில் தம்ளரைக் காணாமல் நாம் அலைந்த பிறகு, மேசைமேல் கறுப்புக் காகிதம் விரித்து, ஒவ்வொரு சாமானையும் அதில் வைத்துச் சாக்பீஸால் சுற்றி வரைந்தாய். வெறும் கோடு தெரிந்தால் அங்கே இருக்க வேண்டியது இல்லை என்று அர்த்தம். ஓரக்கண்ணால் ஒரு பார்வை பார்த்தாலே போதும். இதெல்லாம் உலகத்தில் எல்லா நாடகக்காரர்களும் செய்வதுதான் என்று பிற்பாடு எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு நீயே கண்டுபிடித்ததாக நினைத்துப் பூரித்துப் போனோம்.

திரையின் ஓரத்தில் நின்று நீ "ரெடி" என்பாய். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். "கோ" என்றதும் நான் கயிற்றை இழுப்பேன். நீ சொல்லாமல் திரை ஏறக் கூடாது என்பது சார் வைத்த சட்டம். மற்றப் பள்ளிக்கூடத்து வாத்தியார்களிடம் அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வார். இன்னொரு சட்டமும் இருந்தது. போட்டிக்குப் போகும் நாளில் எல்லோருடைய போன்களையும் வாங்கி ஒரு பையில் போட்டு நீ தோளில் மாட்டிக்கொள்வாய். நாடகம் முடிகிற வரை வீடும் கிடையாது, வாசலும் கிடையாது என்பார் சார்.

பத்தாம் வகுப்பில் அந்தப் போட்டி. சைத்ராதான் கிழவி வேஷம், அவள்தான் நாடகமே. தலை முழுக்கப் பவுடர் கொட்டி நரைக்க வைத்திருந்தோம். எல்லாம் அமர்க்களமாகப் போய்க்கொண்டிருந்தது. கடைசிக் காட்சிக்கு முன்னால் திரை இறங்கியிருந்த நேரத்தில் உன் தோளில் இருந்த பை அதிர ஆரம்பித்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. நீ கையை விட்டுத் துழாவி எடுத்தாய். சைத்ராவின் போன், அவள் அம்மா. அவள் அப்பாவை மாரடைப்பென்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், பிள்ளையைக் கூட்டி வரும்படி டாக்டர் சொல்கிறார் என்று அந்த அம்மா அழுவது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. நீ ஒன்றே ஒன்று கேட்டாய். "ஈகலே பர்பேக்கா, ஆன்ட்டி?" இப்போதே வர வேண்டுமா என்று. பதிலைக் கேட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினாய். "கயித்த விடு. திரை ஏறாது" என்றாய்.

சார் ஓடி வந்தார். விஷயத்தைக் கேட்டு அவர் முகமும் செத்துத்தான் போனது. ஆனாலும், "இன்னும் ஒரே ஒரு காட்சி. கால் மணி நேரம். முடிந்ததும் நானே அவளைக் கூட்டிப் போகிறேன், இப்போது அவளிடம் சொல்லாதே" என்று கன்னடத்தில் கெஞ்சினார். ஒரு வருஷ உழைப்பு, அவரையும் தப்புச் சொல்ல முடியாது. நீ குரலை உயர்த்தவே இல்லை. "சார், கால் மணி நேரம் அவங்க அப்பாகிட்ட இருக்கான்னு நமக்குத் தெரியாது. திரை என் சொல்லுக்குத்தான் ஏறணும்னு நீங்கதான் சொன்னீங்க. நான் சொல்ல மாட்டேன்" என்றாய், உன் ஓசூர் வாடைக் கன்னடத்தில். அதற்குப் பிறகு சைத்ராவிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய். கிழவி வேஷத்தோடேயே அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம்.

அப்பா அவளைப் பார்த்துவிட்டார். நரைத்த தலையோடு வந்து நின்ற மகளைப் பார்த்து, "யாருடீ இந்த அஜ்ஜி?" என்று சிரித்தாராம். அன்று சாயங்காலமே போய்விட்டார். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் ஓட்டுகிறேன் என்று சைத்ரா உன் காரியத்துக்கு வந்தபோது என்னைக் கட்டிக்கொண்டு சொன்னாள்.

நம் குழுவைப் போட்டியிலிருந்து நீக்கிவிட்டார்கள். மற்றப் பிள்ளைகள் உன்னோடு பேசுவதை நிறுத்தினார்கள். சார் திட்டவில்லை, ஆனால் அடுத்த நாடகத்துக்கு உன்னைக் கூப்பிடவும் இல்லை. நீ ஒரு நாளும் அதைக் குறையாகப் பேசியதில்லை. பஸ்ஸில் ஒரு தடவை நான் பொரிந்து தள்ளியபோது, "நாடகம் இன்னொரு தபா போடலாம் டீ" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். நீ அழுதாய் என்று எனக்குத் தெரியும். பிறகு எந்த நாடகத்தின் பின்பக்கமும் நீ போய் நிற்கவில்லை. நான்தான் விடாமல், வேலைக்குப் போன பிறகும், சனி ஞாயிறுகளில் ஒரு சின்ன நாடகக் குழுவுக்கு ஸ்டேஜ் மேனேஜராக அலைகிறேன். எனக்குத் தெரிந்த வேலை எல்லாம் உன்னோடு சேர்ந்து சொதப்பியதில் வந்தது.

இனிமேல்தான் உன்மேல் எனக்கு இருக்கும் வழக்கு.

ரத்தத்தில் நோய் என்று நீ ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த வாரங்களில் நான் வராத நாள் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சி இருந்தது. போகவில்லை என்றேன். "போடி, டிக்கெட் வாங்கினவங்க என்ன பாவம் பண்ணாங்க? முடிச்சிட்டு வந்து கதை சொல்லு" என்று துரத்தினாய். உதடு காய்ந்திருந்தது, ஆனால் சிரித்தாய். நானும் நம்பிப் போனேன்.

இரண்டாவது காட்சி ஓடும்போதே உனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டதாம். உன் அம்மா போனை எடுத்திருக்கிறார். "கூப்புடாதம்மா. அவ ஷோல இருக்கா. முடியட்டும்" என்றாயாம். கொஞ்ச நேரம் பொறுத்து அவர் மறுபடியும் எடுத்திருக்கிறார். நீ பேச முடியாமல், போனின் மேல் உன் கையை வைத்து மூடினாயாம். இதைச் சொல்லும்போது, "அவ பேச்ச நான் மீறியிருக்கணும்மா" என்று உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டார். அவரைத் தேற்ற வேண்டிய நிலையில் நான் இருந்தேன். தேற்றினேன்.

ஆனால் உன்னைக் கேட்கிறேன். என்ன நியாயம் இது? சைத்ராவுக்கென்றால் ஊரே பார்க்கத் திரையை நிறுத்துவாய், எனக்கென்றால் முடியட்டும் என்பாயா? அவளுக்கு அப்பா, எனக்கு நீ வெறும் சிநேகிதிதானே என்று நினைத்தாயா? என் போன் அன்று என் சட்டைப் பையில்தான் இருந்தது. ஒரு தடவை அதிர்ந்திருந்தால் போதும், விளக்கைப் போட்டுவிட்டு எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். அதைச் செய்யத் தெரிந்த ஒரே ஆளிடம் வேலை கற்றவள் நான். உனக்கு அது தெரியும். தெரிந்துதான் கையை வைத்து மூடினாய், பாவி.

அடுத்த மாதம் புது நாடகம். குழுவிடம் சொல்லிவிட்டேன்: யார் வீட்டிலிருந்து அழைப்பு வந்தாலும் நான் எடுப்பேன், தேவையென்றால் நிறுத்துவேன், சம்மதமில்லை என்றால் வேறு ஆளைப் பாருங்கள் என்று. முணுமுணுத்துவிட்டு ஒப்புக்கொண்டார்கள். துணியையும் வாங்கிவிட்டேன்.

உன் அம்மாவைப் பார்க்க வாராவாரம் சந்தாபுரா போகிறேன். காபி கொடுக்கிறார், உன் பேச்சுதான் பேசுகிறோம். அந்த ஞாயிற்றுக்கிழமை நாடகம் முடிந்ததும் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. வெகு நேரம் தட்டினார்கள். இருட்டில் நின்று அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். அப்போது நீ இருந்தாயா, போய்விட்டிருந்தாயா என்று உன் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். ஒவ்வொரு வாரமும் கேட்க வேண்டும் என்று போகிறேன், கேட்காமல் பஸ் ஏறுகிறேன்.