நடவண்டியைக் கழற்றச் சொன்னவனுக்கு

பார்சலைப் பிரித்ததும் ஆரஞ்சு நிறப் பந்துகள் நான்கும் கடைத் தரையில் உருண்டன. புது ரப்பர் வாடை. கூடவே மெல்லிய கருப்புக் கம்பிகள். கம்பிகளைக் குறுக்காகப் பூட்டி, முனைக்கு ஒரு பந்து செருகி, ரிமோட் ஹெலிகாப்டரின் காலில் கட்டிவிட்டால் அது எந்தப் பக்கம் சாய்ந்து இறங்கினாலும் லேசில் கவிழாது. ட்ரெய்னிங் கியர். உனக்கு விளக்க வேண்டியதில்லை. அந்தப் பெயரைக் கேட்டாலே உன் உதடு ஒரு பக்கமாகக் கோணும். கோணட்டும் என்றுதான் வாங்கினேன்.

இதையும் புது ஹெலிகாப்டரையும் நீ போன பிறகுதான் வாங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். செத்தவனைப் பற்றி நல்லதாகத்தான் பேச வேண்டுமாம். உன் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்த அன்று எல்லோரும் அப்படித்தான் பேசினார்கள். நானும் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். அன்று விழுங்கியதை இப்போது எழுதுகிறேன்.

துபாயிலிருந்து நீ மொத்தமாக வந்து சேர்ந்தபோது சென்ட் பாட்டில்களுக்கும் கம்பளிக்கும் நடுவில் ஒரு ஹெலிகாப்டர் கொண்டுவந்தாய். உன்னைப் பார்த்து ஆசைப்பட்டு நானும் ஒன்று வரவழைத்தேன். அதுவரை நாம் நண்பர்கள்தான், மறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில், காற்று எழும்புவதற்கு முன்னால், கரிவலம்வந்தநல்லூர் போகிற வழியில் இருக்கும் வற்றிய குளத்துக்குப் போவோம். ரோட்டில் போகிறவர்கள் பைக்கை நிறுத்திவிட்டுக் கரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். ஹெலிகாப்டர் எந்தப் பக்கம் போனாலும் உன் முகம் கரைப் பக்கம்தான் இருக்கும்.

நான் முதல்முதலாகப் பறக்கவிட்ட அன்று, என் ஹெலிகாப்டரின் காலில் இதேபோல் கட்டியிருந்த கம்பியையும் பந்தையும் பார்த்தாய்.

"என்னடே இது, புள்ளைக நடை பழகுத நடவண்டியா?"

"பழகுத வரைக்கும் கெடக்கட்டும்டே."

"கழட்டி எறி. ஆளுக பாக்காக. எனக்குல்லா கேவலம்."

பொருள் என்னுடையது, கேவலம் உனக்கு. நீயே குனிந்து கட்டியிருந்ததை அறுத்து, கம்பிகளைக் கருவேல முள்ளுக்குள் வீசினாய். நான் அதற்கும் சிரித்து வைத்தேன். அதை நினைத்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

கழற்றிய பிறகும் அது நன்றாகத்தான் நின்றது. இடுப்பு உயரத்தில், வாலை என் பக்கம் காட்டிக்கொண்டு. பிறகு காற்றில் திரும்பி மூக்கை என் பக்கம் வைத்தது. மூக்கு நம்மைப் பார்த்தால் இடமும் வலமும் கைக்கு மாறிப்போகும், புதிதாகப் பழகுகிறவனுக்குக் கிறுகிறுத்துவிடும். எனக்கும் அப்படித்தான் ஆனது. ஆனாலும் பிடித்துவிட்டேன். மெல்ல இறக்கிக்கொண்டும் இருந்தேன். அப்போதுதான் பின்னாலிருந்து "ஏலே குடு, குடு" என்று ரிமோட்டைப் பிடுங்கினாய்.

என் ரிமோட்டில் மேலே தூக்குகிற குச்சி இடது கைக்கு. உன்னுடையதில் அது வலது கைக்கு. இந்த வித்தியாசம் உனக்குத் தெரியும், அதைச் சொல்லி என்னைக் கிண்டல்கூடச் செய்திருக்கிறாய். பிடுங்கிய வேகத்தில் மறந்துவிட்டாய். மேலே தூக்குவதாக நினைத்து வலது குச்சியை முழுக்கத் தள்ளினாய். என்னுடையதில் அது மூக்கைத் தாழ்த்துகிற குச்சி. ஹெலிகாப்டர் நம்மைப் பார்த்துப் பாய்ந்து வந்து தரையில் குத்திச் சிதறியது.

கை தவறுவது யாருக்கும் நடக்கும். நான் அதற்காகவா இத்தனை காலம் கறுவிக்கொண்டிருக்கிறேன்? அடுத்த நொடி நீ ரிமோட்டை என் கையில் திணித்தாய். கரையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாய்: "சொன்னா கேட்டாத்தான. பொத்துன்னு போட்டுட்டான் பாருங்க."

கரை முழுக்கச் சிரித்தது. சாயங்காலம் உன் வீட்டுக்கே வந்து கேட்டேன். "நான் புடுங்கலேன்னா ஒன் மூஞ்சில அடிச்சிருக்கும்வே. காப்பாத்துனவன்ட்ட சண்டைக்கு வாரான் பாரு" என்றாய். அதோடு நான் உன் வாசல் ஏறவில்லை, ஹெலிகாப்டரையும் தொடவில்லை.

ஊர் எனக்குப் பெயர் வைத்துவிட்டது. பொத்து. என் இரும்புக் கடை பொத்து கடை ஆனது. கடைக்குச் சாமி பெயரில் பெரிய போர்டு வைத்திருக்கிறேன், அதை யார் படிக்கிறார்கள்? என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் பஸ் ஸ்டாண்டில் வழி கேட்டபோது, "பொத்து வீடா? நேராப் போங்க" என்று அனுப்பியிருக்கிறார்கள். வந்தவர் காபியைக் கையில் வைத்துக்கொண்டு, அது என்ன பெயர் என்று கேட்டார். என் மகள் தலை குனிந்துகொண்டாள். அந்த நேரத்தில் நீ குளத்துக்குள் நின்று கைதட்டு வாங்கிக்கொண்டிருந்திருப்பாய்.

போன மாதம் உன் மனைவி பூட்டு வாங்கக் கடைக்கு வந்தாள்.

"மறுபடியும் பறக்க விடுதீயளாமேண்ணே. அவுக இருந்தா சந்தோசப்பட்டிருப்பாக. அவன் ஹெலிகாப்டர நாந்தான் கீழ போட்டேன், பாவம், அவன் பேரு கெட்டுப்போச்சுன்னு அடிக்கடி சொல்லுவாக."

எடுத்துக் காட்டிய பூட்டைக் கல்லா மேலேயே வைத்தேன். "யார்ட்டம்மா சொன்னான்?"

"என்ட்டதான். ஒங்ககிட்டயும் வந்து சொல்லணும்னுதான் இருந்தாக. இந்த ஞாயித்துக்கெழம போயிட்டு வந்திருதேன்பாக."

"இத நாலு பேரு முன்னால நீ சொல்லுவியாம்மா?"

அவள் பூட்டை எடுத்துப் பையில் போட்டாள். "போய்ச் சேந்த மனுசர இனிமே எதுக்குண்ணே" என்றாள். அவளைக் கோபிக்க எனக்கு மனசு வரவில்லை. அந்தக் கோபமும் சேர்த்து உனக்குத்தான்.

பதற்றத்தில் உனக்கே தெரியாமல் நடந்திருக்கும், நான்தான் போட்டேன் என்று நீ உண்மையாகவே நம்பியிருப்பாய் என்று நான் என்னைத் தேற்றிவைத்திருந்தேன். அந்த ஆறுதலையும் பிடுங்கிவிட்டாய். தெரிந்திருக்கிறது. அடுப்படியில் உட்கார்ந்து ஒப்புக்கொண்டதை இரண்டு தெரு தாண்டிக் கொண்டுவர உனக்குக் கால் வரவில்லை. உன்னை நான் மன்னிக்கவில்லை. இனி மன்னிப்பேன் என்றும் தோன்றவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ட்ரெய்னிங் கியரைக் கட்டிக்கொண்டு அதே குளத்துக்குப் போனேன். மூக்கை என் பக்கம் திருப்பி, வேண்டிய மட்டும் நிறுத்திவைத்து, அலுங்காமல் இறக்கினேன். பின்னாலிருந்து யாரும் பிடுங்கவில்லை. கரையில் இருந்த ஒருவர் எழுந்து நின்று கைதட்டினார்.

"பொத்து அண்ணாச்சி, அருமையா எறக்கிட்டீய" என்றார்.

மனசாரப் பாராட்டத்தான் செய்தார். நானும், யாரைச் சொல்கிறார் என்று யோசிக்காமல், நீ வைத்த பெயருக்குத் திரும்பிப் பார்த்துக் கையைத் தூக்கினேன்.