கேட்டுவிட்டுக் காத்திருக்கவும்

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் தங்கை எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறோம். அங்கே நீயும் அண்ணியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கையில் போனை வைத்துக்கொண்டு இவள் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். காரணம் இருக்கிறது. உன் வயதுக்காரர்கள் மின்னஞ்சலைத் திறப்பதில்லை. செய்தி அனுப்பினால் பார்த்துவிட்டு, பதில் அப்புறம் போடலாம் என்று விட்டுவிடுகிறார்கள். கூப்பிட்டால் மீட்டிங் என்கிறார்கள். ஆனால் கையால் முகவரி எழுதின உறை ஒன்று வந்தால் மட்டும், யாருக்கோ என்னமோ ஆகிவிட்டது என்று பயந்துபோய் உடனே பிரிக்கிறார்கள். இது நானாகச் சொல்வதில்லை, எங்கள் அலுவலகத்தின் ஆராய்ச்சி. அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. பயப்படாமல் படி.

இங்கே துணி துவைக்கிற இயந்திரம் மறுபடி ஒழுகுகிறது. உன் மாப்பிள்ளைக்கு இந்த மாதமும் ராத்திரி ஷிப்ட்தான். அவர் வரும்போது நான் கிளம்புகிறேன், வாசலில் சாவியைக் கைமாற்றிக்கொள்வதோடு எங்கள் குடும்பப் பேச்சு முடிந்துவிடுகிறது. உன் மருமகள் பரீட்சைக்குப் படிக்கிறாள், அல்லது படிக்கிற மாதிரி இருக்கிறாள். எனக்கு இடுப்பு வலி. மெத்தை விற்கிறவளுக்கு இடுப்பு வலி என்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

ஆமாம் அண்ணா, நான் இப்போது மெத்தைதான் விற்கிறேன். எங்கள் விளம்பர நிறுவனத்துக்கு ஒரு மெத்தைக் கம்பெனி வந்து சேர்ந்திருக்கிறது. வாங்குகிறவர்களை வயதுவாரியாகப் பிரித்து, யாரிடம் எப்படிப் பேசினால் மசிவார்கள் என்று எழுதித் தருவது என் வேலை. மெத்தை என்னவோ ஒன்றுதான். பேச்சுதான் மூன்று.

சின்னப் பிள்ளைகளிடம் மெத்தை என்ற சொல்லையே எடுக்கக்கூடாது. விற்க வருகிறோம் என்று தெரிந்தால் ஓடிவிடுவார்கள். ஒரு பெண் அதன்மேல் விழுந்து புரண்டு சிரிக்கிற மாதிரி குட்டி வீடியோ போதும். அதை உன் மருமகளிடம் காட்டினேன். "ரொம்பக் கஷ்டப்பட்டு ஜாலியா இருக்காங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நம் வயதுக்காரர்களைப் பயமுறுத்த வேண்டும். நீங்கள் படுத்துவிட்டால் வீடு எப்படி நடக்கும் என்று கேட்டுவிட்டு, சலுகை நாளையோடு முடிகிறது என்று போட வேண்டும். அந்தச் சலுகை ஒருநாளும் முடிவதில்லை. எழுதுகிறவள் நானே, எனக்கே தெரியும். ஆனாலும் வேறு எவனாவது அதே வரியை எனக்கு அனுப்பினால் நெஞ்சு பதறுகிறது.

பெரியவர்களுக்குத்தான் என் மூளையைக் கசக்க வேண்டியிருந்தது. அவர்கள் வீடியோ பார்க்க மாட்டார்கள், சலுகையை நம்ப மாட்டார்கள். ஆனால் போன் அடித்தால் எடுப்பார்கள். வேறு யார் கூப்பிடுகிறார்கள்? அதனால் போனில் பேச ஒரு முறை எழுதிக் கொடுத்தேன். ஒருவரிடம் எப்போதும் ஒரே பெண்தான் பேச வேண்டும். எடுத்தவுடன் வியாபாரம் கூடாது. சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா, பிள்ளைகள் பேசுகிறார்களா என்று விசாரிக்க வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் கீழே, 'கேட்டுவிட்டுக் காத்திருக்கவும்' என்று எழுதினேன். அடுத்தடுத்து இரண்டு முறை எதுவும் வாங்காதவரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம் என்று கடைசியில் சேர்த்தது எங்கள் மேலாளர். எதற்கெடுத்தாலும் திரையில் படம் போட்டுக் காட்டுவதால் அவருக்கு ஸ்லைடு சார் என்று பெயர். விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. எனக்குக் கைதட்டினார்கள்.

அதே சமயத்தில்தான் நம் வீட்டுக்குத் தலையணை வர ஆரம்பித்தது. முதலில் கழுத்துக்கு ஒன்று. அப்புறம் இடுப்புக்கு, முழங்காலுக்கு, காலுக்கு அடியில் வைக்க ஒன்று. எல்லாம் எங்கள் கம்பெனிச் சரக்கு. அப்பா ஏதோ பேப்பரில் பார்த்து வாங்குகிறார் என்று நினைத்தேன். எனக்குச் சிரிப்புகூட வந்தது. உட்கார நாற்காலி இல்லாமல் போனபோதுதான், "எதுக்குப்பா இத்தனை?" என்று கேட்டேன். "இருக்கட்டும்" என்றார். அவர் என்னிடம் அதற்குமேல் எப்போது பேசினார்?

போன வாரம் தரம் பார்ப்பதற்காகப் பதிவு செய்த பேச்சுகளைக் கேட்கச் சொன்னார்கள். காதில் மாட்டிக்கொண்டு, சாப்பாட்டை ஒரு கையால் பிசைந்துகொண்டே கேட்டேன். போனில் பேசின பெண்ணுக்கு நல்ல குரல். அலுவலகத்தில் தேன்குரல் என்போம். அவள், "சாப்பிட்டீங்களாப்பா?" என்றாள். எந்தப் பதிலும் வரவில்லை. அவள் காத்திருந்தாள். அப்புறம் ஒரு இருமல் கேட்டது. அண்ணா, அந்த இருமலை உனக்கும் தெரியும். என் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

அம்மா படுக்கையில் கிடந்தபோது ஒரு மெத்தை வாங்கினோமே, அப்போது கொடுத்த எண் அது. கம்பெனி பத்திரமாக வைத்திருந்திருக்கிறது.

அப்பா பேசினார். நம் அப்பாதானா என்று எனக்கே சந்தேகம். இடது கண்ணில் புகை மாதிரி தெரிவதைச் சொன்னார். குளியலறையில் வழுக்கி விழப்போய்க் குழாயைப் பிடித்துத் தப்பித்ததைச் சொன்னார். அம்மா வைத்த குழம்பில் எப்போதும் உப்பு குறைவு, ஆனால் ஒருநாளும் சொன்னதில்லை, சொல்லியிருக்கலாம், கோபித்துக்கொண்டாவது நாலு வார்த்தை அதிகம் பேசியிருப்பாள் என்றார். நானும் அவரிடம் தினமும் கேட்கிறேனே, சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்று. அதே கேள்விகள்தான். பாத்திரம் தேய்த்துக்கொண்டு, முதுகைக் காட்டிக்கொண்டு கேட்கிறேன். 'ம்' என்கிறார். அடுத்த பாத்திரத்தை எடுத்துக்கொள்கிறேன்.

முடிக்கிற நேரத்தில் அவள் தயங்கித் தயங்கி வியாபாரத்துக்கு வந்தாள். அவளுக்கே வாய் வரவில்லை பாவம். அப்பாதான் அவளைத் தேற்றினார். "சங்கடப்படாதேம்மா. நான் எதுவும் வாங்கலேன்னா உன்னை என்கூடப் பேச விடமாட்டாங்கதானே? முழங்காலுக்கு இன்னொண்ணு அனுப்பிடு" என்றார். ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே என்று அவள் சொன்னதற்கு, "முழங்கால் ரெண்டு இருக்கே" என்றார். சிரித்தார் அண்ணா. அப்பா சிரித்தார்.

சாப்பாட்டை அப்படியே கொட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன். அன்று சாயங்காலமே கூட்டம். பெரியவர்களிடம் பேச ஆள் போட்டுக் கட்டுப்படியாகவில்லை, அடுத்த மாதத்திலிருந்து இயந்திரக் குரலே பேசும் என்று ஸ்லைடு சார் படம் போட்டார். "பெரியவங்களுக்கு வித்தியாசம் தெரியாது" என்றார். தெரியும் சார் என்றேன். "எப்படிச் சொல்றீங்க?" என்றார். எங்கப்பா அந்தப் பட்டியலில் இருக்கிறார் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. தேன்குரலை வேறு வேலைக்கு மாற்றிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தால் அப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு போன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அடுத்த மாதம் அந்த இயந்திரம் சாப்பிட்டீங்களாப்பா என்று கேட்கும். அவர் இருமிவிட்டுப் பதில் சொல்லத் தொடங்குவதற்குள் அது அடுத்த கேள்விக்குப் போய்விடும். அப்போது அவர் முகத்தை நான்தான் பார்த்தாக வேண்டும்.

நான் மாறப் பார்க்கிறேன். நேற்று பாத்திரத்தைப் போட்டுவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்து கேட்டேன். "என்ன, உடம்பு சரியில்லையா உனக்கு?" என்றார். போகப் போகச் சரியாகும். கண்ணுக்கு டாக்டரிடம் நாள் வாங்கியிருக்கிறேன். என்னால் முடிந்ததைச் செய்கிறேன். ஆனால் உன் இடத்தில் நான் உட்கார முடியாது.

நீ வந்து சேர்வதற்குள் அம்மாவின் காரியம் எல்லாம் முடிந்துவிட்டது. வாசலில் நின்ற உன்னைப் பார்த்து, "இப்ப எதுக்கு வந்தே?" என்று அப்பா கேட்டார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். அது தப்புதான். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நீ அங்கேயும், அதை வாபஸ் வாங்கத் தெரியாமல் அவர் இங்கேயும் உட்கார்ந்திருக்கிறீர்கள். நடுவில் நான் இரண்டு பக்கத்துக்கும் நலம் சொல்லியே ஓய்ந்துவிட்டேன். எனக்குக் களைப்பாக இருக்கிறது அண்ணா. நிஜமாகவே களைப்பாக இருக்கிறது.

உறையில் முகவரியை நான் கையால் எழுதியது வியாபாரப் புத்திதான், ஒத்துக்கொள்கிறேன். இதற்குமேல் எழுதுவதில் அது இல்லை. அந்தப் பேச்சில் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. பிள்ளைகள் பேசுகிறார்களா என்று தேன்குரல் கேட்டாள், காத்திருந்தாள். அப்பா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "மகன் வெளியூர்லே இருக்கான். ஞாயித்துக்கிழமை காலையிலே தவறாம கூப்பிட்டுடுவான். அரைமணி நேரம் விடமாட்டான்" என்றார். "அவனுக்கு என்மேலே ரொம்பப் பாசம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடு. என்ன பேசுவது என்று யோசிக்காதே. சாப்பிட்டீங்களாப்பா என்று கேள். முதலில் 'ம்' என்பார். அப்புறம் ஒன்றும் கேட்காது, வைத்துவிட்டாரோ என்று தோன்றும். வைத்திருக்க மாட்டார். நீயும் வைத்துவிடாதே அண்ணா, உனக்குப் புண்ணியமாகப் போகும்.

நீயும் அண்ணியும் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் தங்கை