சாமி இல்லாத மலைக்கு

மழை பிடித்துக்கொண்டது. அலமாரியைத் திறந்ததும் மண் வாடை. உன் ஷூ. நீ போய் எட்டு மாதமாகியும் அதன் அடியில் ஏதோ ஒரு மலையின் சேறு ஒட்டிக்கொண்டிருக்கிறது. உன் வீடு முடிச்சூரில். ஷூ மட்டும் எப்போதும் மேற்குத் தாம்பரத்தில், என் வீட்டில். கோயில் மலைக்கு வெறுங்காலோடு போகிறேன் என்று சொல்லிக் கிளம்புகிறவளுக்கு ஷூ எதற்கு?

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் உன்னை விட்டிருக்க மாட்டார்கள். அப்பா இல்லாத வீட்டில் உன் பெரியப்பா வைத்ததுதான் சட்டம். உச்சியில் சாமி இருந்தால் நம் ஆட்கள் எழுபது வயதிலும் மூச்சிரைக்க ஏறுவார்கள், அது பக்தி. சாமி இல்லாத மலையில் ஏறினால் திமிர். அதனால் கிளம்பும்போதே தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் திருநீறு பாக்கெட் வாங்கிப் பைக்குள் போட்டுக்கொள்வாய். திரும்பியதும் அம்மாவிடம் பிரசாதமென்று கொடுப்பாய். அம்மா அதைக் கிண்ணத்தில் கொட்டி நீட்ட, பெரியப்பா கண்ணில் ஒற்றிக்கொள்வார். நீ சிரித்துச் சிரித்துச் சொல்வாய். எனக்கு அந்த மனிதரைக் கண்டாலே ஆகாது.

மறைமலை நகரில் நாம் வேலை பார்த்த ஆலைக்கு நார்வேயிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தாரே. பனிமலையில் சறுக்கிக் காலை உடைத்துக்கொண்ட கதையைப் பெருமையாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே கிடந்தால் அவர் ஊரில் உடம்புக்கு என்ன என்று கேட்பார்களாம். "இன்னா தில்லு சார் அவருக்கு!" என்று உருகிய சூப்பர்வைசர், அடுத்த வாரம் நீ மலை ஏற லீவு கேட்டபோது, "கால் கீல் ஒடஞ்சா உன்னை யாரும்மா கட்டிக்குவான்?" என்றார். வெள்ளைக்காரன் காலை உடைத்துக்கொண்டால் வீரம். நம் வீட்டுப் பெண் உடைத்துக்கொண்டால் வரன் போச்சு.

"அவங்க ஊர்ல மலையைப் பார்த்தா ஏறத் தோணும். நம்ம ஊர்ல கன்னத்துல போட்டுக்கத் தோணும்" என்றாய்.

கடைசியில் எந்த மலையும் உன்னை ஒன்றும் செய்யவில்லை. ஜன்னல் சாத்திய வீட்டில், கட்டிலில் கிடந்த உன்னை டெங்கு கொண்டுபோனது. "தீட்டோட மலை ஏறியிருப்பா. சாமி குத்தம்" என்றார் பெரியப்பா, உன் தலைமாட்டில் நின்றுகொண்டு. நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அதற்காக நான் என்னையும் மன்னிக்கவில்லை.

நேற்று உன் அம்மா வந்தார். அவரையும் அந்தக் கூட்டத்தோடுதான் சேர்த்து வைத்திருந்தேன். அலமாரி திறந்திருந்தது, ஷூவை ஒளிக்க நேரமில்லை. எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன்.

"தெரியும்மா. மொத பாக்கெட்லயே தாம்பரம் கடை பேரு போட்டிருந்துச்சு. பெரியப்பா பாக்கறதுக்குள்ள கிண்ணத்துல கொட்டிட்டேன். அப்புறம் ஒவ்வொரு தடவையும்."

ஷூவுக்குள் காலை விட்டுப் பார்த்தார். கொஞ்சம் பெரிது.

"ரெண்டு சாக்ஸ் போட்டா சரியா வரும். என்னை ஒரு நாள் கூட்டிட்டுப் போறியா? சாமி இல்லாத மலையா பாத்து."

"பெரியப்பாகிட்ட என்னம்மா சொல்வீங்க?"

"கோயிலுக்குன்னுதான். திருநீறு நீயே வாங்கிடு. பேரு போடாத கடையா பாரு."

இன்று காலையே வாங்கிவிட்டேன். பைக்குள் இருக்கிறது.