தெருமுனையில் நின்றேன்

14-2-1957, வியாழன் இரவு, திருத்தணி

ஹெல்த் இன்ஸ்பெக்டர் வரதராஜனாகிய நான், நாளை டாக்டருக்குச் சொல்ல வேண்டிய பதிலைத் தீர்மானிக்கவே இதை எழுதுகிறேன். சென்னை ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்துள்ள நர்ஸ் மரகதம் கிராம வேலைக்குச் சரிப்படுவாளா என்று அவர் கேட்டிருக்கிறார். அவளைப் பழக்கும் பொறுப்பு என்னுடையது.

இன்று பொதட்டூர்பேட்டையில் அம்மை குத்தும் வேலை. என் சைக்கிளைக் கண்டதும் ஒரு நெசவுக்காரி, "குத்துற அய்யா வராருடா, உள்ள ஓடுங்க!" என்று கத்தினாள். பிள்ளைகள் தறிக்குழியில் பதுங்கினர். மரகதம் குழியோரம் தரையில் உட்கார்ந்து ஏதோ சொன்னாள். குழிக்குள்ளிருந்து சிரிப்புக் கேட்டது. பிறகு அவள் வாசலுக்கு வந்து, "சார், நீங்க கொஞ்சம் தெருமுனையில நில்லுங்க. நான் கூட்டிகினு வரேன்" என்றாள்.

"ஆங், நர்சம்மா சொன்னா கேளுங்க சார்" என்று நெசவுக்காரியும் சிரித்தாள்.

நின்றேன். பிள்ளைகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தனர். வீடுகளில் தரையில் உட்கார வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். இத்தனை ஆண்டுகளில் ஒரு பிள்ளையும் என் கையைப் பிடித்ததில்லை.

'சரிப்பட மாட்டாள்' என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் சென்னைக்குத் திரும்பிவிடுவாள். அதைச் சொல்லத்தான் மனம் துடிக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு யார் குத்துவது?

நாளை, 'அவள் இங்கேயே இருக்கட்டும்' என்று சொல்வேன். அந்தத் தெருவுக்கு மட்டும் இனி அவளுடன் போக மாட்டேன்.