நோவில்லாத கால்

1968 பெப்ரவரி 12, திங்கள்

இன்றும் எறும்பு. படுக்கையறை மூலையில் இரவில் சிறுநீர் கழிக்க வைக்கும் இனாமல் சட்டியைச் சுற்றி, கதவிடுக்கிலிருந்து ஒரே வரிசை. இது மூன்றாவது நாள். இராசம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பதினாறு வருடமாக இந்த வீட்டில் வேலை செய்கிறவள். சட்டியைச் சாம்பல் போட்டு வெந்நீரில் தேய்க்க வேண்டும் என்பதை இன்னும் ஒரு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் கொன்வென்டில் சிஸ்டர்மார் கட்டிலுக்கு அடியில் கைவிரலை இழுத்துப் பார்ப்பார்கள். விரலில் தூசி பட்டால் அன்றைக்குப் பகல் உணவு இல்லை.

இராசம்மா சட்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அம்மா, ஐயாவுக்கும் இப்புடித்தான் எறும்பு வந்துச்சுங்க. நீங்க ஒருக்கா ஆஸ்பத்திரியில காட்டிட்டு வாங்களேன்."

தன் வேலையில் உள்ள குறையை மறைக்க, இறந்துபோன என் கணவரை இழுக்கிறாள்!

பெப்ரவரி 13

இராசம்மாவை அனுப்பிவிட்டேன். அழவில்லை, கெஞ்சவும் இல்லை. "சாவி ஆணியில இருக்குங்க. கோழிக்குத் தண்ணி வச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டு நடந்தாள். இரத்தோட்டைப் பக்கம், தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் அவளுடைய தங்கை இருக்கிறாள். போகட்டும். எனக்கு யாருடைய கையும் தேவையில்லை.

பெப்ரவரி 19, திங்கள்

மலைப்பக்கம் இரண்டு நாளாக மழை. ரிவர்ஸ்டன் மலை இருக்கும் திசையே தெரியவில்லை. பாதம் இரண்டும் பஞ்சு கட்டியதுபோல் மரத்துக் கிடக்கிறது. பேசினில் வெந்நீரும் உப்பும் போட்டு அரை மணி நேரம் காலை வைத்திருந்தேன். பேசினைத் தூக்கும்போது கை பொசுங்கியது. காலுக்கோ ஒன்றும் தெரியவில்லை. அறுபத்தேழு வயதிலும் என் கால் அவ்வளவு உறுதி.

பெப்ரவரி 21

வலது பாதத்தில் விரல்களுக்குக் கீழே கொப்புளம். நோவு இல்லை.

பெப்ரவரி 25, ஞாயிறு

பௌத்தர்களின் போயா நாள்தான் விடுமுறை என்று அரசாங்கம் மாற்றியதிலிருந்து ஞாயிறும் வேலை நாள்தான். விடியற்காலைப் பூசைக்கு நிமிர்ந்து நடந்து போய் வந்தேன். சப்பாத்து, மேஸ் காலுறை, எல்லாம் முறையாக. திரும்பி வந்து மூன்று செம்பு தண்ணீர் குடித்தும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. வெயில்தான் காரணம். ஆனால் இன்றைக்கு வெயில் எங்கே இருந்தது?

மார்ச் 1

கொப்புளத்துத் தோல் மேஸோடு கழன்று வந்துவிட்டது. கீழே ஒரு ரூபாய் நாணயக் குற்றி அளவு சிவப்பு. அழுத்திப் பார்த்தேன், நோவு இல்லை. நோவு இல்லையென்றால் நோயும் இல்லைதானே?

மார்ச் 6, புதன்

இன்று சட்டியை நானே தேய்த்தேன். சாம்பல், சோடா, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர். அரை மணி நேரம் வெயிலில் கவிழ்த்தும் வைத்தேன். சிஸ்டர்மாரின் விரல்கூட அதில் ஒரு குறை கண்டிருக்காது.

மறுபடியும் எறும்பு வந்துவிட்டது.

இராசம்மாவின் தேய்ப்பில் குறை இல்லை. எறும்பு என்னிடமிருந்து வருவதைத் தேடித்தான் வருகிறது.

எழுதிவிட்டேன். எழுதிய பிறகு கை நிற்கவில்லை.

அவருக்கும் சீனி வருத்தம், நீரிழிவுதான். தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருபத்தெட்டு வருடம் ஒரு நாள் லீவு எடுக்காதவர். 1959இல் முதுகில் ராஜபிளவை வந்து பின்னறையில் ஐந்து வாரம் கிடந்தார். அந்த வாடை — வீடு முழுக்க, சாப்பாட்டில், என் சேலை மடிப்பில். நான் தினமும் வாசற்படிவரை போவேன். மூக்கில் லேஞ்சியை வைத்துக்கொண்டு, "மருந்து குடித்தீர்களா?" என்று அங்கிருந்தே கேட்பேன். உள்ளே போகவில்லை. போக முடியவில்லை. அவரைக் கழுவியது, புரட்டியது, சட்டி எடுத்தது எல்லாம் இராசம்மா. எறும்பையும் அவள்தான் பார்த்திருக்கிறாள்.

இன்று என் காலை நானே குனிந்து முகர்ந்து பார்த்தேன். இன்னும் இல்லை. இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

மார்ச் 10

மேஸுக்குள் வாசனைக்கு ஓடிக்கொலோன் விட்டேன். பக்கத்து வீட்டு றஹீமா இடியப்பம் கொண்டுவந்தாள். கதவை ஒரு சாண் திறந்து வாங்கிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் காலை வெட்டிவிடுவார்கள். போகாவிட்டால்? எதை எழுதினாலும் இதே இடத்தில் வந்து நிற்கிறது.

மார்ச் 16, சனி — ஆஸ்பத்திரி

வியாழக்கிழமை நடந்ததை இன்றுதான் எழுத முடிகிறது. மாசித் திருவிழா மேளச்சத்தம் கேட்டு வேடிக்கை பார்க்க றஹீமா என் விறாந்தைக்கு வந்தாள். நான் கதிரையை விட்டு எழுந்தேன்.

"யா அல்லாஹ்! கிளாக்கரம்மா, மேஸெல்லாம் ரத்தமா ஈக்குதே!"

"ஒன்றுமில்லை. சப்பாத்து கடித்திருக்கிறது."

"சப்பாத்து கடிச்சா இப்புடி மணக்காது" என்றாள். அப்படியே சொன்னாள். அவளுடைய கணவர் மீராசாஹிப் கடையைப் பூட்டிவிட்டுக் காரைக் கொண்டுவந்தார். கூட்டத்துக்குள் ஊர்ந்து ஊர்ந்து வந்து சேர்ந்தோம். வழியெல்லாம் கார்க் கண்ணாடிகளைத் திறந்தே வைத்திருந்தார், பாவம். எதற்கென்று எனக்குத் தெரியும்.

டொக்டர் சிங்களவர். ஆங்கிலத்தில் பேசினார். இரண்டு விரல் கறுத்துவிட்டது, அதோடு நின்றால் விரல்தான் போகும், ஏறினால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருக்கும் என்றார். நான் பிழையில்லாத ஆங்கிலத்தில் நன்றி சொன்னேன். போர்வையைக் காலுக்கு மேலே இழுத்து விட்டுக்கொண்டேன்.

மாலையில் ஒரு மிஸி வந்து கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். நேர்ஸ்மாரை இங்கே எல்லோரும் மிஸி என்றுதான் கூப்பிடுகிறார்கள். முப்பது வயது இருக்கும். கையில் ஒரு தாள்.

"மூச்சு வாங்குதுங்களா? சாப்பாடு எறங்குதா? ராத்திரி தூக்கம் எப்புடி? குளிக்க, உடுத்த, யாராச்சும் தொணை இருக்காங்களா வீட்டுல?"

"எனக்குத் துணை தேவையில்லை."

"ஃபாதர் வந்து ஜெபம் சொல்லணுங்களா? சரி. எதுக்குங்கம்மா பயப்படுறீங்க?"

"இது என்ன கேள்வி? என் காலுக்கும் இதற்கும் என்ன?"

"சாப்பாடு, தூக்கம் மாதிரி இதுவும் ஒரு தேவைதாங்க. பயத்தச் சொல்ல ஒரு ஆளு வேணுமில்ல. தாள்ல அதுக்கும் எடம் விட்டிருக்காங்க."

"எனக்குப் பயம் இல்லை."

"அப்ப வெறுமையா விடுறேன்" என்று அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

மார்ச் 18

மிஸியின் பெயர் சந்திரகாந்தா. எங்கள் தோட்டத்துப் பங்களாவில் சமையற்காரனாக இருந்த முத்துவீரனின் மகள். என்னை முதல் நாளே அடையாளம் தெரிந்திருக்கிறது. காலை மடியில் வைத்துக் கட்டு அவிழ்க்கும்போது சிரித்தாள்.

"கிளாக்கரூட்டு விறாந்தையில ஒரு தடவ ஏறிட்டேன்னு கூட்டுற ஈக்கிலக்கட்டையத் தூக்கிட்டு வந்தீங்க. ஞாபகம் இருக்குங்களா? இப்ப பாருங்க, உங்க காலு ஏம் மடியில ஏறிருச்சு."

எனக்கு ஞாபகம் இல்லை. செய்திருப்பேன்.

அவள் மூக்கைப் பொத்தவில்லை. முகத்தைத் திருப்பவில்லை. உள்ளிருந்து வெளியே துடைக்கிறாள். ஒரு பஞ்சு ஒரு தடவைக்குத்தான், பிறகு வாளிக்குள். ஒழுங்கான கை. குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

"நோவு இல்லையே என்று விட்டுவிட்டேன்" என்றேன்.

"நோவு நம்மள காவக் காக்குறதுங்கம்மா. சீனி கூடினா மொதல்ல அந்தக் காவக்காரனத்தான் கொல்லும். நோவலைன்னா சொகம்னு அர்த்தம் இல்லைங்க."

சீனி எவ்வளவு என்று பார்க்க, கண்ணாடிக் குழாயில் நீல மருந்தும் என் சிறுநீர் எட்டுத் துளியும் விட்டுக் காய்ச்சிக் காட்டினாள். நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சை, மஞ்சள் என்று ஏறும். என்னுடையது செங்கல் நிறத்தில் நின்றது.

மார்ச் 20

ஒரு நாளைக்கு இரண்டு ஊசி. கறுப்பு ஏறவில்லை என்கிறார்கள். ஏறியிருக்கிறது என்று நான் நினைக்கிறேன். விரலால் அளந்து பார்க்கிறேன், ஒவ்வொரு தடவையும் வேறு அளவு.

மார்ச் 22, வெள்ளி

நாளைக்கு ஒப்பரேஷன். விரலா காலா என்று வெட்டிப் பார்த்துத்தான் தெரியுமாம். சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து இப்படி இருந்ததே இல்லை.

காலே போயிட்டா நான் என்ன பண்ணுவேன்? யார் வருவா? யாரு கழுவுவா? பின்னறையில போட்டுட்டு வாசல்ல நின்னு, மருந்து குடிச்சியான்னு கேப்பாங்க. அதத்தானே நான் செஞ்சேன். அதேதான் எனக்கும். கடவுளே, அந்தப் படியில நின்னவ நான்தானே!

பின்னேரம் சந்திரகாந்தா வந்தபோது சொல்லிவிட்டேன். அவர், பின்னறை, லேஞ்சி, வாசற்படி — எல்லாம். ஒன்பது வருடத்தில் பாவசங்கீர்த்தனத்தில்கூட சொல்லாததை முத்துவீரன் மகளிடம் சொன்னேன். பரவாயில்லை, அழாதீங்க என்று அவள் ஒன்றும் சொல்லவில்லை.

"பயந்துருப்பீங்க" என்றாள். தாளை எடுத்து, "தாள்ல எழுதட்டுங்களா?" என்று கேட்டாள்.

"எழுது."

மார்ச் 24

இரண்டு விரல். கால் இருக்கிறது.

ஏப்ரல் 4

புண் ஆறத் தொடங்கியிருக்கிறது. ஆனால் கட்டுப்போட வீட்டில் ஆள் இருந்தால்தான் அனுப்புவேன் என்கிறார் டொக்டர். கொழும்பிலிருந்து பணிப்பெண் வரவழைக்கிறேன் என்றேன். சந்திரகாந்தா கேட்டுக்கொண்டு நின்றாள். "யாரோ ஒரு ஆளா வேணும்? உங்களுக்கு வேண்டிய ஆளு யாருங்கம்மா?" என்றாள்.

பதில் தெரிந்த கேள்வி. அதைச் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை.

ஏப்ரல் 9, செவ்வாய்

இராசம்மாதான் என்று சந்திரகாந்தாவிடம் இன்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வரும் வழியில் மீராசாஹிப்பின் காரைத் தோட்டத்து லயத்துக்கு விடச் சொன்னேன். இருபத்தெட்டு வருடம் தோட்டத்தில் குடியிருந்தவள் நான். ஒரு லயத்து அறைக்குள் தலை குனிந்து நுழைந்தது இன்றுதான். ஊன்றுகோலோடு நின்றேன். இராசம்மா அடுப்படியில் இருந்தாள். என் காலைப் பார்த்தாள், எழுந்திருக்கவில்லை.

வரும்போது ஒரு பேச்சு தயார் செய்து வந்திருந்தேன். அதை விட்டுவிட்டேன்.

"எறும்பு வந்தது உன் குற்றமில்லை" என்றேன்.

"எனக்குத் தெரியுங்களே."

அவளுடைய தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். வரமாட்டேன் என்று சொன்னால் எங்கே போவேன் என்று எனக்குத் தெரியவில்லை.

"வருவாயா? வா இராசம்மா. நீ இல்லாமல் எனக்கு முடியவில்லை."

அவள் அகப்பையால் கறியைக் கிண்டினாள். உப்புப் பார்த்தாள். எவ்வளவு நேரம்!

"கறிய எறக்கிட்டு வர்றேன். நீங்க போய்க் கார்ல உக்காருங்க, நிக்காதீங்க."

ஏப்ரல் 14

உயிர்ப்பு ஞாயிறு. கோயிலுக்குப் போகவில்லை. குழாயில் மஞ்சள் நிறம் வந்தது. இராசம்மா கட்டு மாற்றும்போது இன்றும் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஏப்ரல் 21, ஞாயிறு

இரண்டு மூன்று நாளாக இராசம்மா இடது காலைச் சாய்த்துச் சாய்த்து நடக்கிறாள். கேட்டால், "ஒண்ணுமில்லைங்க" என்கிறாள். இன்று காலை அவள் சமைத்துக்கொண்டிருந்த குசினி வாசலுக்கு நான் போனபோது அந்த வாடை வந்தது. லேசாகத்தான். ஆயிரம் வாடைக்குள்ளும் அது எனக்குத் தெரியும். திரும்பி என் அறைக்குப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். திரும்பியும் விட்டேன். இரண்டு அடி வைத்திருப்பேன்.

"காலைக் காட்டு."

"வேணாங்கம்மா. தோட்டத்துல வேலைக்குப் போனப்ப தேயிலை வெட்டுற கவ்வாத்துக் கத்தி பட்டுச்சு. மேல ஆறிருச்சு. நோவே இல்லைங்க."

நோவே இல்லை என்றாள். என் வீட்டில் இருந்திருந்தால் அவள் அந்தக் கத்தியைத் தொட்டிருக்க மாட்டாள்.

"கதிரையில் உட்கார்."

"ஐயோ, அழுக்குக் காலு—"

"உட்கார் என்றேனே."

நானும் எதிரே உட்கார்ந்து, அவள் காலைத் தூக்கி என் மடியில் வைத்தேன். குதிகாலுக்கு மேலே மூடியிருந்த காயத்தின் அடியில் சீழ். மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பிறகு மூச்சை விட்டேன், முழுதாக இழுத்தேன். பஞ்சை எடுத்துத் துடைத்தேன், சந்திரகாந்தா செய்ததுபோல: உள்ளிருந்து வெளியே, ஒரு பஞ்சு ஒரு தடவை. நாளைக்குக் காலையில் அவளை மிஸியிடம் கூட்டிக்கொண்டு போக வேண்டும். வரமாட்டேன் என்றால் றஹீமாவை விட்டு இழுத்துப்போகச் சொல்ல வேண்டும்.

அவள் முகத்தைப் பார்க்காமலே கேட்டேன். "தொடுவது தெரிகிறதா? உண்மையைச் சொல்."

"நோவு இல்லைங்க" என்றாள் மறுபடியும். எனக்கு உயிர் போய்விட்டது. ஈரப் பஞ்சை உள்ளங்காலில், விரல்களுக்குக் கீழே, மெதுவாக இழுத்தேன்.

இராசம்மா காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு சிரித்தாள். பதினாறு வருடத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

"கூசுதுங்கம்மா!"

"கூசட்டும்" என்றேன். "அசையாமல் இரு." இன்னொரு தடவை இழுத்தேன்.