காலிக் கட்டங்கள்

அன்புள்ள அத்தைக்கு,

எல்லோரும் தூங்கும் நேரத்தில் எழுதுகிறேன், மன்னியுங்கள். மாமாவின் இருமல் குறைந்ததா? உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது?

இங்கே ஒரு சின்னச் சிக்கல், பயப்பட ஒன்றுமில்லை. காட்டில் எங்கெங்கே மான் இருக்கிறது என்று கணக்கிடும் மென்பொருளைப் போன வாரம் நான்தான் புதுப்பித்தேன். ஆள் போய்த் தேடியும் மான் தென்படாத இடத்துக்குப் பூஜ்யம் போடுவோம். யாருமே போகாத இடத்தின் கட்டத்தைக் காலியாக விடுவோம். புதுப் பதிப்பு காலிக் கட்டங்களையும் பூஜ்யமாக எடுத்துக்கொண்டதை நான் கவனிக்கவில்லை. மேலாளர்தான் கண்டுபிடித்தார். "ஏம்மா, பாதிக் காட்டு மானையும் எங்க ஓட்டிவிட்டே?" என்று சிரித்தார். அறிக்கை அப்படியே போயிருந்தால் அங்கே காவலையே எடுத்திருப்பார்கள். திருத்திவிட்டேன். இப்போது ஒவ்வொரு காலிக் கட்டத்தையும் இரண்டு முறை பார்க்கிறேன்.

பாப்பாவின் பாதத்தைத் தாளில் வரைந்து அனுப்புங்கள், செருப்பு வாங்க வேண்டும். சாப்பிடுகிறாள், தூங்குகிறாள் என்று இரண்டு கடிதத்திலும் எழுதினீர்கள். அம்மாவைத் தேடுகிறாளா என்று எழுதவில்லை. அவள் தேடவில்லையா, நான் அழுவேன் என்று நீங்கள் விட்டுவிட்டீர்களா? எதுவானாலும் எழுதுங்கள் அத்தை. காலியாக விட்டால் நானும் பூஜ்யம் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள் மருமகள்