பிக்கப் முதுகில் ஒரு வீடு

15 ஜூலை 2006, ஃபிரிஸ்கோ

வாங்க டைரி, சௌக்கியங்களா? சாப்பிட்டாச்சா? இந்த வீட்டில் யாரைக் கேட்டாலும் "குட், குட்" என்று சொல்லிக்கொண்டே வாசலைத் தாண்டிவிடுகிறார்கள். நின்று பதில் சொல்ல ஆளில்லை. அதனால்தான் உங்களைக் கேட்கிறேன்.

என் மகன் பசுபதி பிக்கப் வண்டி வாங்கியிருக்கிறான். முன்னால் நாலு பேர் உட்காரலாம், பின்னால் திறந்த தொட்டி. கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிறவனுக்குத் தொட்டி எதற்கு என்று கேட்டேன். "டெக்சாஸ்ல இருந்துக்கிட்டு பிக்கப் இல்லாட்டி எப்படிப்பா?" என்றான். இதுவரை அதில் ஏறிய சரக்கு ஒரு மூட்டை பொன்னி அரிசி.

இப்போது அதன் முதுகில் ஒரு வீட்டைத் தூக்கி வைக்கப் போகிறானாம். கேம்பர் என்று பேர். கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே. அதில் அம்மாவைக் கிராண்ட் கேன்யன் கூட்டிப் போவதாகத் திட்டம். என் வீட்டுக்காரி வசந்தாமணிக்கு அந்தப் பள்ளத்தின் மேல் பல வருஷ ஆசை. போன வருஷம் டாக்டர், கண் நரம்பு வாடுகிறது, பார்வை இனிக் குறையத்தான் செய்யும் என்றுவிட்டார். "வேற ஒண்ணும் கேக்கலைங்க. கண்ணு தெரியறப்பவே அதைப் பாத்துரோணும்" என்கிறாள். அக்டோபர் பதினெட்டு ஊருக்கு டிக்கெட். காலம் நிறையக் கிடக்கிறது.

22 ஜூலை

கேம்பர் கடைக்குப் போனோம். இதில் இரண்டு ஜாதி. ஒன்றுக்கு மேல்பாதி துணிச்சுவர், நிறுத்தின பிறகு தூக்கிக்கொள்ளலாம், எடை கம்மி. மற்றது நாலு பக்கமும் கெட்டிச் சுவர். துணியைக் கரடி கிழித்துவிடும் என்று பசுபதி இன்டர்நெட்டில் படித்திருக்கிறான். மருமகள் மாளவிகா மெட்ராஸ்காரி, சுருக்கமாகப் பேசுவாள். "கரடி அப்புறம் மாமா. அத்தை ஒரு தடவ தாளிச்சா போதும், அந்தத் துணி ஆயுசுக்கும் மணக்கும்."

ஆக, சுவர் கெட்டியாக இருக்க வேண்டும், எடையும் குறைவாக இருக்க வேண்டும். எனக்கே உற்சாகம் வந்துவிட்டது. ஒவ்வொன்றிலும் ஏறிச் சுவரைத் தட்டினேன், கட்டிலில் படுத்தேன், கக்கூஸில்கூட உட்கார்ந்து பார்த்தேன், மூடியைத் திறக்காமல்தான். பார்த்துப் பொறுக்குவது எங்கள் குடும்பத்து ரத்தம். என் சித்தப்பா உழவுக்கு மாடு வாங்கக் கன்னபுரம் சந்தைக்கு ஏழெட்டு வருஷம் நடந்தார். ஒரு ஜோடிக்குச் சுழி சரியில்லை, இன்னொரு ஜோடிக்குக் கொம்பு சரியில்லை. நல்ல ஜோடி அமைவதற்குள் ஊருக்கு டிராக்டர் வந்துவிட்டது. அவர் கதை பெரிய கதை, ஒரு தரம் சந்தையிலேயே ஒரு தரகரோடு… சரி, அது இருக்கட்டும்.

ஒன்றும் வாங்கவில்லை.

5 ஆகஸ்ட்

பிக்கப் கதவிடுக்கில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. ஆளும் சாமானும் சேர்த்து இவ்வளவுதான் ஏற்றலாம் என்று. பசுபதி அதை இன்றைக்குத்தான் படித்தான். வாங்கும்போது நிறத்தை மட்டும் பார்த்திருக்கிறான். கெட்டிச் சுவர் வீட்டை ஏற்றி, தண்ணீரும் காஸும் நிரப்பினால், மிச்சம் இரண்டு ஆளுக்குத்தான் தாங்கும். நாங்கள் நாலு பேர்.

பாத்ரூம் தராசை ஹாலுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொருத்தராக ஏறச் சொன்னான்.

"என்றா கண்ணு, என்னைய லக்கேஜுன்னு நினைச்சுட்டயா?" என்றாள் வசந்தாமணி.

"ஜஸ்ட் டேட்டாம்மா."

"டேட்டாவா? உன்னையப் பத்து மாசம் சொமந்தனே, சீட்டு ஒட்டிக்கிட்டா சொமந்தேன்?"

அடுத்து ஏறிய மாளவிகா சிரித்த சிரிப்பில் தராசு முள் நிற்கவே இல்லை.

12 ஆகஸ்ட்

வசந்தாமணி ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். கேட்டால், "எடை குறையட்டுங்க" என்கிறாள்.

26 ஆகஸ்ட்

கிடைத்தது. கிடைத்துக் கைவிட்டுப் போனது.

ஃபோர்ட் வொர்த்தில் ஒரு கடை. பழைய கேம்பர், அலுமினியச் சட்டம், மெல்லிசான கெட்டிச் சுவர். "தண்ணியை அங்க போய்ப் புடிச்சுக்கலாம்ப்பா, நாலு பேரும் தாராளமாப் போலாம்" என்றான் பசுபதி. வசந்தாமணி அதன் படியைத் தொட்டுக் கும்பிட்டாள். கடை திறந்தபோது மணி ஒன்பது. சனிக்கிழமை ஒன்பது முதல் பத்தரை ராகுகாலம். பத்தரைக்கு அட்வான்ஸ் கொடுக்கலாம் என்று நான்தான் சொன்னேன். வெயிலில் உட்கார்ந்தோம்.

பத்தரைக்கு எழுந்தபோது பசுபதிக்குச் சந்தேகம் வந்தது. "அப்பா, இங்க சம்மர்ல கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வெச்சிருக்காங்க. அப்படின்னா ராகுகாலம் பதினொன்றரை வரைக்கும் இருக்கு."

"அப்ப உட்காரு."

"ராகுவுக்கு டேலைட் சேவிங் தெரியுமா மாமா?" என்றாள் மாளவிகா.

ராகு சூரியனைப் பார்த்து நடக்கிறவர், கடிகாரத்தைப் பார்த்து அல்ல என்று அவளுக்கு விளக்க ஆரம்பித்தேன். விளக்கம் கொஞ்சம் நீண்டது. நான் பாற்கடலைக் கடைந்துகொண்டிருக்கும்போது, தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரக் கிழவரும் அவர் சம்சாரமும் வந்தார்கள். உள்ளே எட்டிப் பார்த்தார்கள். கையெழுத்துப் போட்டார்கள். கேம்பரை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ராகுகாலத்திலேயே!

திரும்பி வரும்போது வசந்தாமணி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஒரு கண்ணைக் கையால் மூடுவது, ரோட்டோர போர்டைப் பார்ப்பது, கையை மாற்றி மற்ற கண்ணை மூடுவது, இப்படியே வந்தாள். ஏன்னு நான் கேக்கலை. எப்படிக் கேக்கறது?

27 ஆகஸ்ட்

என்னத்த எழுத.

16 செப்டம்பர்

ஹூஸ்டன், சான் அன்டோனியோ, லப்பக் மூன்றும் பார்த்தாயிற்று. மூன்றிலும் கேம்பர் கடை மட்டும். லப்பக்கில் ஒன்று எல்லாவற்றுக்கும் பொருந்தியது, ஆனால் கதவு தெற்குப் பார்த்திருந்தது. வேண்டாம் என்றேன்.

"ஏனுங்க, வண்டியத் திருப்பி நிறுத்துனா அதே கதவு வடக்குப் பாக்காதுங்களா?" என்றாள் வசந்தாமணி.

வாஸ்துவெல்லாம் பெரிய சாஸ்திரம், அவளுக்கு எங்கே புரியும் என்று இருந்துவிட்டேன். பாதி வழியில் எனக்கே புரிந்தது. வெளியே சொல்லவில்லை.

21 செப்டம்பர்

காலையில் எழுந்தால் வீட்டில் சத்தமில்லை. அடுப்பு மேல் இட்லி மூடி வைத்திருக்கிறது. மாளவிகாவின் காரைக் காணோம். ஏழு மணிக்கு அவளே போன் செய்தாள்.

"மாமா, நானும் அத்தையும் கிராண்ட் கேன்யன் போயிட்டிருக்கோம். லீவ் போட்டுட்டேன். வழியில தங்க மோட்டல் புக் பண்ணியாச்சு. பசு கிட்ட சொல்லிடுங்க."

"கேம்பர் இல்லாமயா?" அதுதான் என் வாயில் வந்தது.

"மோட்டலுக்கும் கெட்டிச் சுவர்தான் மாமா."

பசுபதி எழுந்ததும் சொன்னேன். "டயர் ப்ரெஷர்கூட செக் பண்ணாமயா போனா?" என்றான். லேப்டாப்பைத் திறந்தான். ஓக்லஹோமாவில் ஒன்று இருக்கிறதாம்.

23 செப்டம்பர், ஓக்லஹோமா

கடைக்காரர் கேம்பரைப் பிக்கப் மேல் ஏற்றிக் கொடுத்து, எடை பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள் என்றார். லாரிகளை எடை போடும் மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். சற்று முன் வசந்தாமணி போன் செய்தாள்.

"வந்துட்டமுங்க. தெரியுதுங்க."

"என்ன தெரியுது?"

"எல்லாமுந்தான். அந்தாண்ட கரை வரைக்கும் தெரியுது. கீழ நூலாட்டம் ஒரு ஆறு. மாளவிகா காட்டறதுக்குள்ள நானே பாத்துட்டனுங்க."

நம்ம பக்கத்துக் கல் குவாரியைப் பற்றி நான் ஆரம்பித்தேன்.

"ஏனுங்க, சித்த நேரம் பேசாம இருங்களேன். இங்க ஒரு சத்தமில்லை. பாத்துக்கறேன்."

போனை வைக்காமலே நின்றிருந்தாள். நானும் வாயைத் திறக்கவில்லை. அவளுக்கு அங்கே அடித்த காற்று எனக்கு இங்கே கேட்டது. கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவளோடு இவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததே இல்லை.

பசுபதி மேடையிலிருந்து கத்துகிறான். "அப்பா! அம்மாவும் மாளவிகாவும் இல்லேன்னா வெயிட் கரெக்டா வருதுப்பா! பர்ஃபெக்ட்!"

இவனிடம் நான் என்னவென்று சொல்வது டைரி? அவள் பக்கத்தில் நானும் நின்று அந்தாண்ட கரையை— இருங்க, கூப்பிடுகிறான், நானும் வண்டியில் ஏறி உட்கார்ந்தால்தான் எடை